செல்வ வரி இந்தியாவில் ஏன் தோற்றது? மறுபடி பேசலாமா?

"பெரும் பணக்காரர்களின் சொத்து மேல் வரி போட்டால் ஏற்றத்தாழ்வு குறையும் என்கிறார்கள். இந்தியாவில்தான் செல்வ வரி 58 ஆண்டுகள் இருந்ததே. வசூலும் இல்லை, ஏற்றத்தாழ்வும் குறையவில்லை, 2015-ல் ஒழித்தும் விட்டார்கள். தோற்றுப்போன ஒன்றை மறுபடி ஏன் இழுக்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசூல் இல்லை என்பது உண்மை. ஆனால் பெரும் பணக்காரர்களின் சொத்து எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்தைச் சட்டமே வரிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. கடைசி இருபத்து சொச்சம் ஆண்டுகள் செல்வ வரி என்ற பெயரில் இங்கே இருந்தது நகைக்கும் காருக்கும் காலிமனைக்குமான வரி. (மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி வேறு. நான் பேசுவது மத்திய அரசு வசூலித்த செல்வ வரியைப் பற்றி.)

செல்வ வரி ரிட்டர்ன் தயாரிக்கும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக வந்தவர்களில் பெரும் தொழிலதிபர்கள் யாரும் இல்லை. கணவர் எப்போதோ வாங்கிப்போட்ட மனை, அம்மா வழியில் வந்த நகை என்று வைத்திருந்த பெண்கள், மூன்றாவது வீடு வாங்கிய டாக்டர்கள், இப்படித்தான் வருவார்கள். ஒரு கணக்கு பாருங்கள். நகை 25 லட்சம், ஊர் ஓரத்தில் ஒரு காலிமனை 30 லட்சம். மொத்தம் 55 லட்சம். அப்போது விலக்கு வரம்பு 30 லட்சம். மீதி 25 லட்சத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 25,000 ரூபாய் வரி. இதற்காக அந்த அம்மா நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் போக வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடை போட்டு, கல்லுக்குக் கழித்து, அன்றைய விலையில் கணக்கிட்டுச் சான்றிதழ் தருவார். மனைக்கு வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா என்று ஒரு இழுபறி தனியாக நடக்கும்.

அதே ஊரில் ஒருவரிடம் தன் கம்பெனியின் பங்குகள் 1,000 கோடி ரூபாய்க்கு இருந்தால்? அந்தப் பங்குகள் மீது செல்வ வரி பூஜ்யம். ஏய்ப்பு ஏதும் இல்லை. சட்டப்படியே பூஜ்யம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1956-ல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் இந்திய அரசின் அழைப்பில் வந்து நம் வரி அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குள் வையுங்கள், அதற்குப் பதிலாக மூலதன ஆதாய வரி, செல்வ வரி, நன்கொடை வரி, செலவு வரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரே ரிட்டர்னில் வாங்குங்கள் என்பது அவர் யோசனை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. வருமானத்தை மறைத்தால் அது சொத்தாகவோ செலவாகவோ வெளியே வந்தாக வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்தால் நன்கொடையில் தெரியும். விற்றவர் விலையைக் குறைத்துச் சொன்னால் வாங்கியவரின் கணக்கு இடிக்கும். ஒரு வரி இன்னொன்றுக்குக் காவல்.

1957-ல் நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். செல்வ வரி அரை சதவீதத்தில் தொடங்கி ஒன்றரை சதவீதம் வரை போனது. மறு ஆண்டு நன்கொடை வரி வந்தது. இறந்தவரின் சொத்துக்கான எஸ்டேட் வரி 1953 முதலே இருந்தது. இலங்கையும் கால்டாரை அழைத்து ஆலோசனை கேட்டு, 1959-ல் இதே போன்ற வரிகளைப் போட்டது. பெயரளவில் பார்த்தால் அவர் கேட்ட எல்லாமே இங்கே வந்துவிட்டது. ஆனால் வருமான வரியைக் குறையுங்கள் என்றாரே, அதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. உச்ச விகிதம் 45-க்கு வெகு மேலேயே நின்றது. செலவு வரியை 1962-ல் எடுத்தார்கள், டி.டி.கே. திரும்பி வந்து 1964-ல் மறுபடி போட்டார், 1966-ல் மறுபடி எடுத்தார்கள். காவல் வரிசையில் ஒரு கண்ணி அப்போதே அறுந்துவிட்டது.

1970-களின் தொடக்கத்தில் நடந்தது இன்னும் மோசம். 1973-74-ல் வருமான வரியின் உச்ச அடுக்கு 85 சதவீதம், அதன் மேல் 15 சதவீதம் சர்சார்ஜ் (வரித்தொகையின் மேல் போடும் கூடுதல் வரி). சேர்த்தால் 97.75. நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். அதற்கும் மேல் செல்வ வரி. இரண்டையும் நேர்மையாகக் கட்டினால், சிலருக்கு வரி அந்த ஆண்டு வருமானத்தையே தாண்டிவிடும். இப்படி ஒரு சட்டத்தை எழுதிவிட்டு யாராவது அதற்கு உட்பட்டு நடப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பினாமி, கணக்கில் வராத பணம், கூட்டுக்குடும்பம் என்ற பெயரில் தனித்தனிக் கோப்புகள், டிரஸ்டுக்குள் டிரஸ்ட் என்று வழிகள் பெருகின. "பணக்காரர்களுக்கு வரி போட்டால் கறுப்புப் பணம்தான் வளரும்" என்று இன்று பேசுபவர்கள் சொல்வது இந்தக் காலத்து அனுபவம்தான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 97.75 சதவீதத்தின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு சதவீத வரியைத் தீர்ப்பிடுவது சரியில்லை.

எஸ்டேட் வரியின் கதையும் இதேதான். 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 சதவீதம் வரை விகிதம் வைத்திருந்தார்கள். ஆனால் 1985-ல் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அதை ஒழித்தபோது ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான். வசூலிக்கும் செலவுக்குக்கூடக் கட்டுப்படி ஆகவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். இதில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைய அரசியலமைப்புச் சட்டத்தின் 269-வது பிரிவுப்படி எஸ்டேட் வரியை மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வசூலிப்பவருக்கு அதில் வருமானம் இல்லை. அந்த வரியைச் சீர்செய்து காப்பாற்ற டெல்லிக்கு என்ன அவசரம் இருந்திருக்கும்?

அப்புறம் 1991. தாராளமயம் வந்த கையோடு பொருளாதார அறிஞர் ராஜா செல்லையா தலைமையில் வரிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. பணம் நகையிலும் நிலத்திலும் முடங்காமல் தொழிலுக்குப் போகட்டும், அதனால் 'உற்பத்திக்குப் பயன்படாத' சொத்துகளுக்கு மட்டும் செல்வ வரி இருக்கட்டும் என்று குழு பரிந்துரைத்தது. அன்றைய சூழலில் அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. 1993 ஏப்ரல் முதல் பங்குகள், கடன் பத்திரங்கள், வங்கி டெபாசிட்டுகள் எல்லாம் வரிக்கு வெளியே போயின. சரியாக அந்தப் புள்ளியிலிருந்துதான் இந்தியப் பணக்காரர்களின் செல்வம் பங்குச் சந்தை வழியே வளர ஆரம்பித்தது.

விளைவு என்னவாக இருக்கும்? 2013-14-ல் செல்வ வரி வசூல் 1,008 கோடி. மத்திய அரசின் மொத்த வரி வசூலில் நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூட இல்லை. 2015 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி இந்த எண்ணைச் சொல்லித்தான் வரியை ரத்து செய்தார். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ் போட்டு, சுமார் 9,000 கோடி வரும் என்றார். கேட்க நல்ல மாற்றாகத் தெரியும். ஆனால் இடம் மாறிவிட்டது: சர்சார்ஜ் வருமானத்தின் மேல் விழுகிறது, செல்வத்தின் மேல் விழவில்லை. ஒருவரின் பங்குகள் ஓராண்டில் 500 கோடியிலிருந்து 800 கோடிக்குப் போனாலும், அவர் எதையும் விற்காதவரை அந்த 300 கோடி 'வருமானம்' ஆகாது.

என் வாதத்தின் மையம் இதுதான். நம் அமைப்பு பணக்காரரை வருமானத்தை வைத்து அடையாளம் காண்கிறது. பெரும் பணக்காரர்களுக்கு வருமானம் என்பது அவர்கள் செல்வத்தில் சிறு பகுதி. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23-ல் இந்தியாவின் உச்சி ஒரு சதவீதத்தினர் பெறுவது மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம், அவர்களிடம் இருப்பது மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம். இவை பல தரவுகளை ஒட்டுப்போட்டுச் செய்த மதிப்பீடுகள், துல்லியத்தைப் பற்றிச் சண்டை போடலாம். ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். வருமானத்தை மட்டும் பார்க்கும் வரி அதிகாரியின் கண்ணில் படாமல் போவது அந்த இடைவெளிதான்.

வருமானமாக வெளியே வரும்போதாவது சரியாக விழுகிறதா? புதிய வரிமுறையில் 30 லட்சம் சம்பளம் வாங்கும் ஒரு மென்பொருள் பொறியாளருக்கு, 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்காக வரியின் மேல் வாங்கும் தொகை) சேர்த்து 31.2 சதவீதம். ஒரு புரமோட்டர் (கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதன்மைப் பங்குதாரர்) பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தன் பங்குகளை விற்று 100 கோடி லாபம் பார்த்தால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். சர்சார்ஜ் 15 சதவீதத்துக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு உண்டு. செஸ்ஸும் சேர்த்தால் 14.95. மாதச் சம்பளக்காரர் கட்டும் விகிதத்தில் பாதிகூட வரவில்லை. 2004 முதல் 2018 வரை இந்த லாபத்துக்கு வரியே இல்லை. 2018-ல் 10 சதவீதம் போட்டபோதும், அந்த ஆண்டு ஜனவரி 31 வரை ஏறியிருந்த லாபத்தை முழுவதுமாக விட்டுக்கொடுத்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். கம்பெனி ஏற்கெனவே லாபத்தில் வரி கட்டிவிட்டது, அதையும் அந்தப் புரமோட்டரின் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள்; சர்சார்ஜ், செஸ் சேர்த்து இப்போது அது 25.17. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே அன்று கணக்கிட்டது. இன்று தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலைத் தாண்டி நிற்கிறது. அதோடு பங்கின் விலை ஏறுவதற்குக் கம்பெனி இதுவரை ஈட்டிய லாபம் மட்டும் காரணமில்லை. இனி ஈட்டப்போகும் லாபத்தை எதிர்பார்த்தும் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு யாரும் எங்கும் வரி கட்டியிருக்கவில்லை.

"வரி போட்டால் நாட்டை விட்டே போய்விடுவார்கள்" என்பது அடுத்த அச்சம். நார்வேயைக் காட்டுவார்கள். 2022-ல் அங்கே செல்வ வரியை உயர்த்தியதும் பல பணக்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது உண்மை. பிறகு நார்வே, வெளியேறுபவர்களுக்கான வரியை இறுக்கியது. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த சுவிட்சர்லாந்திலும் எல்லா மாகாணங்களிலும் செல்வ வரி உண்டு. தனிநபர் பங்கு ஆதாயத்துக்கு அங்கே வரி இல்லை, பிள்ளைகளுக்கு வரும் பரம்பரைச் சொத்துக்குப் பெரும்பாலும் வரி இல்லை, அதனால் கணக்குப் போட்டுப் பார்த்துப் போகிறார்கள். இந்தியப் புரமோட்டர் துபாய்க்குப் போகலாம். அவருடைய சிமென்ட் ஆலையும் துறைமுகமும் டெலிகாம் கோபுரமும் இங்கேதான் இருக்கும். இந்தியக் கம்பெனிப் பங்குகளுக்கு, உரிமையாளர் எங்கே வசித்தாலும் வரி என்று எழுத முடியும். அதற்காக நாடுகளுக்கு இடையிலான வரி ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டியிருக்கும். கடினமான வேலைதான், ஆனால் மொரீஷியஸ் ஒப்பந்தத்தை 2016-ல் திருத்திய அனுபவம் நமக்கு இருக்கிறது.

மற்ற நாடுகளும் கைவிட்டுவிட்டனவே என்றால், ஆமாம். வளர்ந்த நாடுகளின் ஓ.இ.சி.டி. அமைப்பில் 1990-ல் 12 நாடுகளில் செல்வ வரி இருந்தது, 2017-ல் நான்கு. ஜெர்மனியில் என்ன நடந்தது என்பது நமக்குப் பாடம். அங்கே வீடு, நிலத்துக்குப் பல பத்தாண்டுப் பழைய மதிப்பு, மற்ற சொத்துக்குச் சந்தை மதிப்பு என்று இரண்டு அளவுகோல் வைத்திருந்தார்கள். இது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1995-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 1997 முதல் அந்த வரி வசூலிக்கப்படவில்லை. சொத்து வகைக்கு ஒரு நியாயம் வைத்த இடங்களில் எல்லாம் செல்வ வரி இப்படித்தான் உளுத்துப்போனது.

சரி, நான் என்ன செய்யச் சொல்வேன்? ஆண்டுதோறும் செல்வ வரி என்று ஆரம்பிக்க மாட்டேன். பெரும் கோடீஸ்வரர்களுக்குக் குறைந்தபட்சம் 2 சதவீத வரி என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் கேப்ரியல் சூக்மன் 2024-ல் ஜி20-க்குக் கொடுத்த திட்டம் எனக்கு உடன்பாடானதுதான். ஆனால் அது நாடுகள் ஒன்றுசேர்ந்து செய்தால்தான் வலுவாக நிற்கும். பிரான்ஸ் தனியாக முயன்றபோது, மசோதா 2025 பிப்ரவரியில் கீழவையில் நிறைவேறி ஜூனில் செனட்டில் விழுந்தது. நாம் தனியாகவே செய்யக்கூடியது பரம்பரைச் சொத்து வரி. தலைமுறைக்கு ஒரு முறைதான் வரும். சொத்து எப்படியும் பெயர் மாறும் நேரம், பட்டியலும் மதிப்பும் எடுத்துத்தான் ஆக வேண்டும். உழைத்துச் சேர்த்தவரிடம் கேட்காமல், பிறப்பால் பெறுபவரிடம் கேட்கிறோம். ஏற்றத்தாழ்வு தலைமுறை தாண்டி இறுகிப்போவதை எனக்குத் தெரிந்து இதைவிட நேராகத் தொடும் வரி வேறில்லை.

"தொழிலே சிதறிப்போகும்" என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கலாம். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020 அக்டோபரில் இறந்தார். அங்கே உச்ச விகிதம் 50 சதவீதம். 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வரி கட்டுவதாகக் குடும்பம் 2021 ஏப்ரலில் அறிவித்தது, ஐந்தாண்டுகளில் ஆறு தவணையாக. அவர் சேர்த்து வைத்திருந்த கலைப்பொருட்களில் சுமார் 23,000 பொருட்கள் தேசிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. வரிக்காகக் கடன் வாங்கினார்கள், கொஞ்சம் பங்குகளை விற்றார்கள். கம்பெனி அந்தக் குடும்பத்தின் கையிலேயே நடக்கிறது. 'எல்லாம் காகிதச் செல்வம், ரொக்கம் எங்கே' என்ற கேள்விக்குத் தவணைதான் விடை. ரொக்கம் இல்லாதவர் பங்காகவே கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் எழுதலாம்.

வரம்பை உயர வைக்க வேண்டும். என் கணக்கில் 50 கோடி. விலைவாசியோடு தானாக உயரும்படி எழுதிவிட வேண்டும். அண்ணாநகரில் அப்பா கட்டிய வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகள் பக்கத்திலேயே இந்தச் சட்டம் வரக்கூடாது. அந்தப் பயம் போகாதவரை எந்தக் கட்சியும் இதைத் தொடாது. 2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸின் அயலகப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா அமெரிக்கப் பரம்பரை வரியைப் பற்றிப் பேசியதும் காங்கிரஸே அவசரமாக ஒதுங்கிக்கொண்டதைப் பார்த்தோம். நான்கு பவுன் தாலிச் சங்கிலிக்கு ஆபத்து என்ற அளவுக்குப் பேச்சு போனது. பங்குகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

வரம்புக்கு மேல் விகிதம் பத்து, இருபது என்று மிதமாக இருக்கட்டும், 85-க்குப் போக வேண்டாம். ஆனால் விலக்குகள் கூடாது. குறிப்பாகக் குடும்ப டிரஸ்ட். பல புரமோட்டர் குடும்பங்கள் பங்குகளை டிரஸ்டுக்கு மாற்றி வைத்திருக்கின்றன. டிரஸ்ட் சாவதில்லை, ஆகவே மரணத்தில் வரும் வரியும் அதைத் தொடாது. பிரிட்டனில் பெரும்பாலான டிரஸ்டுகளுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை 6 சதவீதம் வரை வரி உண்டு. அதைப் போல ஒன்று இல்லாமல் இந்தச் சட்டத்தை எழுதுவது வீண்.

செயல்படுத்த முடியுமா என்ற சந்தேகம் 1957-ல் நியாயமானது. பங்குப் பத்திரங்கள் காகிதமாக, யார் யார் பெயரிலோ பீரோவில் கிடந்த காலம். இன்று எல்லாம் பேன் எண்ணோடு டீமேட்டில் (மின்னணுப் பங்குக் கணக்கில்) இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டிலும் புரமோட்டர்கள் வைத்திருக்கும் பங்கு எத்தனை என்று பங்குச் சந்தைத் தளங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பங்கு விலையால் பெருக்க ஒரு கால்குலேட்டர் போதும். வருமான வரி ரிட்டர்னில் சொத்து, கடன் அட்டவணை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் நிரப்ப வேண்டும் என்று இருந்ததை இப்போது ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். அதில் பங்கை வாங்கிய விலையில் காட்டினால் போதும். பத்து ரூபாய்க்கு வாங்கியது இன்று பத்தாயிரமானாலும் அட்டவணையில் பத்துதான். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால், எத்தனை கோடி சொத்து இருந்தாலும் அந்த அட்டவணையே வேண்டாம். இந்த இரண்டையும் மாற்ற புது வரி எதுவும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

விவசாய நிலம்தான் உண்மையான சிக்கல். அதன் மீதான பரம்பரை வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்கள் சேராவிட்டால், 1993-ல் பணம் பங்குக்கு ஓடிய மாதிரி இந்த முறை பண்ணை நிலத்துக்கு ஓடும். மாநிலங்களை எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் வரியின் சட்ட வடிவம் முக்கியமாகிறது. 2000-ம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மத்திய வரிகள் பொதுவாக மாநிலங்களோடு பகிர்வுக்கு உரியவை, மாநிலங்களின் பங்கு இப்போது 41 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் பகிர்வில் வராது. 2015-ல் செல்வ வரி போய் சர்சார்ஜ் வந்தபோது மாநிலங்கள் தங்கள் பங்கையும் சேர்த்து இழந்தன. ஆகவே பரம்பரை வரி பற்றிய பேச்சு எப்போது வந்தாலும், தமிழ்நாடு உட்பட எல்லா மாநில அரசுகளும் முதலில் கேட்க வேண்டியது விகிதம் எவ்வளவு என்பதை அல்ல. இது வரியாக வருகிறதா, சர்சார்ஜாக வருகிறதா என்பதைத்தான்.